பிபி மாத்திரையும் மன அழுத்த மாத்திரையும் ஒன்றாகச் சாப்பிடலாமா? நாடித்துடிப்பு குறைவது ஏன்?

ஒரு பக்கம் பிபி மாத்திரை, இன்னொரு பக்கம் மன அழுத்த மாத்திரை. இரண்டுமே டாக்டர் எழுதிக் கொடுத்தவைதான், இரண்டுமே தேவையானவைதான். ஆனால் இவற்றில் சில ஜோடிகள் உடம்புக்குள் ஒன்று சேர்ந்தால், பிபி மாத்திரையின் அளவு ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். நாடித்துடிப்பு இறங்கும், தலை சுற்றும், சிலர் மயங்கி விழவும் வாய்ப்பு உண்டு.

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணி போன்ற பட்டு நெசவு ஊர்களில் இதைப் பற்றித் தெரிந்துகொள்வது ரொம்பவே முக்கியம். குழித்தறியில் காலைக் குழிக்குள் இறக்கி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர், எழுந்திருக்கும்போது தலை சுற்றினால் விழுவது வெறும் தரையில் அல்ல. மிதிகட்டை இருக்கும் குழிக்குள்ளேயே சரியலாம், தறிக்கட்டையில் தலை இடிக்கலாம்.

எந்த மாத்திரைகள் இப்படி மோதுகின்றன? பயந்துபோய் நாமே நிறுத்திவிடலாமா? வீட்டிலேயே எப்படிக் கண்காணிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

பீட்டா பிளாக்கர் என்றால் என்ன?

பயம், பதற்றம், ஓட்டம் என்று வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. அது இதயத்தில் உள்ள 'பீட்டா' ஏற்பிகளைத் தட்டி, வேகமாகத் துடிக்கச் சொல்கிறது. அந்த ஏற்பிகளை மறைத்து, இதயத்தை நிதானப்படுத்துவதுதான் பீட்டா பிளாக்கரின் வேலை. 1960-களில் ப்ரோப்ரனோலால் மாத்திரையை உருவாக்கிய ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், 1988-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பிபிக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். நெஞ்சுவலி, மாரடைப்புக்குப் பிந்தைய சிகிச்சை, இதயச் செயலிழப்பு, படபடப்பு, ஒற்றைத் தலைவலி, கை நடுக்கம், தைராய்டு அதிகமாகச் சுரப்பது என்று பல காரணங்களுக்குக் கொடுக்கிறார்கள்.

அதேபோல எல்லா பிபி மாத்திரையும் பீட்டா பிளாக்கர் இல்லை. அம்லோடிபின், எனலாப்ரில், டெல்மிசார்டான் ஆகியவை வேறு வகை. அடையாளம் காண ஒரு சுலபமான வழி இருக்கிறது. அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். அது 'லால்' என்று முடிந்தால் பெரும்பாலும் பீட்டா பிளாக்கர்தான். மெட்டோப்ரோலால், அட்டெனோலால், ப்ரோப்ரனோலால், பிஸோப்ரோலால், கார்வெடிலால், நெபிவோலால் எல்லாம் இந்தக் குடும்பம்.

கல்லீரலில் என்னதான் நடக்கிறது?

நாம் விழுங்கும் மாத்திரை என்றென்றைக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்காது. அதை உடைத்து வெளியேற்றும் வேலையில் பெரும்பகுதியைக் கல்லீரல் பார்க்கிறது. அங்கே உள்ள என்சைம்களில் ஒன்றின் பெயர் 'சிஒய்பி 2டி6'.

இதைச் சுங்கச்சாவடியில் உள்ள ஒரு பாதை மாதிரி நினைத்துக்கொள்ளலாம். மெட்டோப்ரோலால் உடம்பை விட்டு வெளியேற வேண்டும் என்றால் பெரும்பாலும் இந்தப் பாதை வழியாகத்தான் போக வேண்டும். ஃப்ளூஆக்ஸெடின், பாராக்ஸெடின் என்ற இரண்டு மன அழுத்த மாத்திரைகள் வந்து அதே பாதையை அடைத்துக்கொள்கின்றன. பின்னால் வரும் மெட்டோப்ரோலால் நகர முடியாமல் தேங்குகிறது. அடுத்த நாள் மாத்திரையும் வந்து சேர்கிறது. நீங்கள் சாப்பிடுவது அதே ஒரு மாத்திரைதான். ஆனால் உடம்பில் வேலை செய்வது பல மாத்திரைக்குச் சமம்.

ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், பாராக்ஸெடின் சாப்பிட்ட பிறகு மெட்டோப்ரோலாலின் ரத்த அளவு சுமார் 5 முதல் 8 மடங்கு வரை உயர்ந்தது.

இதயத் துடிப்பு 36-க்குப் போன நோயாளி

இது ஏட்டளவில் மட்டும் உள்ள ஆபத்து அல்ல. 1993-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு வெளியானது. நெஞ்சுவலிக்காகத் தினமும் 100 மில்லிகிராம் மெட்டோப்ரோலால் சாப்பிட்டு வந்தவர் அவர். மனச்சோர்வுக்காக 20 மில்லிகிராம் ஃப்ளூஆக்ஸெடின் தொடங்கினார்கள். அது வழக்கமான தொடக்க அளவுதான். இரண்டே நாளில் உடம்பு அசந்துபோனது, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 36-க்கு இறங்கியது.

ஃப்ளூஆக்ஸெடினை நிறுத்திய ஐந்து நாளுக்குள் துடிப்பு 64-க்குத் திரும்பியது. அதன் பிறகு டாக்டர்கள் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. மனச்சோர்வு சிகிச்சையே வேண்டாம் என்று அவர்கள் கைவிடவில்லை. மெட்டோப்ரோலாலுக்குப் பதிலாக, சிறுநீரகம் வழியாக வெளியேறும் சோட்டலால் என்ற வேறொரு பீட்டா பிளாக்கருக்கு மாற்றினார்கள். ஃப்ளூஆக்ஸெடினை மறுபடி கொடுத்தார்கள். இந்த முறை பிரச்சினை வரவில்லை.

அடுத்த ஆண்டே, 1994-ல், அதே இதழில் இன்னொரு குறிப்பு. ப்ரோப்ரனோலால் சாப்பிட்டு வந்தவருக்கு ஃப்ளூஆக்ஸெடின் தொடங்கி இரண்டு வாரத்தில் நினைவு தப்பியது. இதயத்தின் மின்சாரப் பாதையே தடைபடும் 'ஹார்ட் பிளாக்' ஏற்பட்டிருந்தது.

ஒருவருக்கு இரண்டு நாள், இன்னொருவருக்கு இரண்டு வாரம். 'முதல் ரெண்டு நாள் ஒண்ணும் ஆகலையே' என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

எந்த ஜோடியில் கவனம் தேவை?

அதிக கவனம்: மெட்டோப்ரோலால் அல்லது ப்ரோப்ரனோலாலுடன் ஃப்ளூஆக்ஸெடின், பாராக்ஸெடின். இதே 2டி6 பாதையை நம்பியிருக்கும் கார்வெடிலால், நெபிவோலாலுக்கும் இது பொருந்தும். சிகரெட்டை விடவும் மனச்சோர்வுக்கும் தரப்படும் புப்ரோபியானும் இந்தப் பாதையை வலுவாக அடைக்கும்.

ஓரளவு கவனம்: டூலோக்ஸெடின். மனச்சோர்வுக்கு மட்டுமல்ல, சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கும் இதைக் கொடுக்கிறார்கள் என்பதால், 'நான் மன அழுத்த மாத்திரையே சாப்பிடலையே' என்று சொல்பவர்களிடமும் இது இருக்கலாம். செர்ட்ராலின் குறைந்த அளவில் லேசாகத்தான் அடைக்கும். அளவு கூடினால் அடைப்பும் கூடும்.

பொதுவாகக் குறைவான மோதல்: எஸ்சிட்டலோப்ராம். இது மெட்டோப்ரோலால் அளவைச் சுமார் 80 சதவீதம் கூட்டினாலும், ஆய்வில் பிபியிலோ துடிப்பிலோ பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் இதயத்தின் மின் அலையை இது தன்னளவில் சற்று நீட்டக்கூடியது. அதனால் இதய நோயாளிகளுக்கு ஈசிஜி பார்த்த பிறகு கொடுப்பது நல்லது.

வேறு பாதை: ஃப்ளூவோக்ஸமின். பெயர் ஃப்ளூஆக்ஸெடின் மாதிரியே இருந்தாலும் இது அடைப்பது வேறு என்சைம்களை. ப்ரோப்ரனோலால் அளவை இது சுமார் 5 மடங்கு வரை உயர்த்தக்கூடும்.

அட்டெனோலால் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. பிஸோப்ரோலால் பாதி சிறுநீரகம், பாதி கல்லீரலின் வேறொரு என்சைம் வழியாகப் போகிறது. அதனால் 2டி6 பாதை அடைபட்டாலும் இந்த இரண்டும் பெரிதாகத் தேங்குவதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் அட்டெனோலால் வாங்கிச் சாப்பிடுபவர்கள் இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம். ஆனாலும் சொல்லாமல் இருக்கக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத பீட்டா பிளாக்கர்

சிலருக்குத் தாங்கள் பீட்டா பிளாக்கர் எடுப்பதே தெரியாது. இந்தியாவில் இரண்டு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் கலந்து விற்பது சகஜம். ஒற்றைத் தலைவலிக்கான மாத்திரையில் ஃப்ளூனரிசினோடு ப்ரோப்ரனோலால் இருக்கலாம். பதற்றத்துக்கான மாத்திரையில் தூக்க மருந்தோடு ப்ரோப்ரனோலால் இருக்கலாம். பிபி மாத்திரையில் அம்லோடிபினோடு மெட்டோப்ரோலாலோ அட்டெனோலாலோ இருக்கலாம்.

கண் நீர் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் பீட்டா பிளாக்கர்தான். கண்ணில் விட்ட சொட்டு மூக்கு வழியாக ரத்தத்தில் கலக்கும். அது வெளியேறுவதும் இதே 2டி6 பாதையில்தான். டாக்டரிடம் மருந்துகளைச் சொல்லும்போது சொட்டு மருந்தைச் சொல்ல மறப்பவர்கள் அதிகம்.

ஆரணியில் இது ஏன் சிக்கலாகிறது?

ஆரணியில் தறி ஓட்டும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பிபிக்கு உள்ளூரில் ஒரு டாக்டர். நெஞ்சுவலி வந்தபோது வேலூரில் ஒரு டாக்டர். தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், வேலையில் மனசு ஒட்டாமல் போனபோது, ஊரில் யாருக்கும் தெரியாமல் வேறொரு ஊரில் மனநல டாக்டர். மூன்று சீட்டு, மூன்று மருந்துக் கடை.

இங்கே வசதிக்குக் குறை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது. பிரச்சினை, ஒரு டாக்டர் எழுதியது இன்னொரு டாக்டருக்குத் தெரியாமல் போவதுதான்.

அதற்குக் காரணம் பெரும்பாலும் கூச்சம். பிபி மாத்திரை டிவி மேலேயே கிடக்கும். மன அழுத்த மாத்திரை பீரோவுக்குள் துணிக்கு அடியில் இருக்கும். 'பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிறா, வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்?' என்ற கவலை. அதனால் வீடு தேடி வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமும், இதய டாக்டரிடமும் அந்த ஒரு மாத்திரையை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பீட்டா பிளாக்கர் உடம்பில் அதிகமானால் என்ன தெரியும்? அசதி, மந்தம், எதிலும் சுறுசுறுப்பு இல்லாமை. மனச்சோர்வுக்கும் கிட்டத்தட்ட இதே அறிகுறிகள்தான். பிபி மாத்திரை பற்றித் தெரியாத மனநல டாக்டர், 'சோர்வு இன்னும் குறையலையே' என்று ஃப்ளூஆக்ஸெடின் அளவைக் கூட்ட நேரலாம். அடைப்பு இன்னும் இறுகும், துடிப்பு இன்னும் இறங்கும், சோர்வு இன்னும் கூடும்.

புடவைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு இந்தச் சோர்வே வருமானத்தில் இடி. பீட்டா பிளாக்கரால் விரல்கள் சில்லிட்டுப் போகவும் வாய்ப்பு உண்டு. பாவு இழை பிணைக்கும் கைக்கு அது இன்னொரு தொல்லை. 'வயசாயிடுச்சு, அதான்' என்று இவற்றைத் தள்ளிவிடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் ஒரு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடவே கூடாது. இந்தச் செய்தியில் நினைவில் வைக்க வேண்டிய முதல் விஷயமே இதுதான்.

பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தினால், இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த இதயம் ஒரேயடியாக வேகமெடுக்கும். பிபி எகிறலாம், நெஞ்சுவலி வரலாம், இதய நோயாளிகளுக்கு மாரடைப்பே வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே இந்த மருந்துகளில் சிலவற்றின் குறிப்பேட்டில் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட வைத்திருக்கிறது.

மன அழுத்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினாலும் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். அதைவிட முக்கியம், மனச்சோர்வு திரும்பி வரலாம். மனச்சோர்வு உயிருக்கே ஆபத்தாகக்கூடிய நோய். மாரடைப்பு வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் இதய நோயின் போக்கும் மோசமாகிறது. இரண்டுக்குமே சிகிச்சை வேண்டும்.

டாக்டர்கள் என்ன செய்வார்கள்?

பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன.

1. மன அழுத்த மாத்திரையை மாற்றுவது. ஃப்ளூஆக்ஸெடின், பாராக்ஸெடினுக்குப் பதில் செர்ட்ராலின் போன்றதைத் தேர்ந்தெடுக்கலாம். மாரடைப்பு அல்லது தீவிர நெஞ்சுவலிக்குப் பிறகு மனச்சோர்வு வந்த 369 பேரிடம் நடத்தி, 2002-ல் வெளியான ஆய்வில் செர்ட்ராலின் இதயத்துக்குப் பாதுகாப்பானது என்று தெரியவந்தது.

2. பீட்டா பிளாக்கரை மாற்றுவது. மன அழுத்த மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்றால் அதை அப்படியே விட்டுவிட்டு, அட்டெனோலால், பிஸோப்ரோலால் போன்றவற்றுக்கு மாறலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது, பீட்டா பிளாக்கர் எதற்காகத் தரப்பட்டது என்பதைப் பொறுத்து டாக்டர் முடிவெடுப்பார். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு எல்லா பீட்டா பிளாக்கரும் ஒத்துவராது.

3. இரண்டையும் தொடர்ந்து, அளவைக் குறைத்துக் கண்காணிப்பது. நாடித்துடிப்பு, பிபி, தேவைப்பட்டால் ஈசிஜி பார்த்து அளவைச் சரிசெய்வார்கள்.

ஏற்கெனவே இந்த ஜோடியைப் பல மாதமாகப் பிரச்சினை இல்லாமல் சாப்பிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பதற வேண்டியதில்லை. அடுத்த முறை போகும்போது இரண்டு சீட்டையும் காட்டி, துடிப்பைப் பார்க்கச் சொன்னால் போதும்.

நிறுத்தும்போதும் கவனம் வேண்டும்

பலரும் மறப்பது இதைத்தான். பாதை அடைபட்டிருந்த காலத்தில் பீட்டா பிளாக்கரின் அளவைக் குறைத்திருப்பார்கள். பிறகு மனநல டாக்டர் ஃப்ளூஆக்ஸெடினை நிறுத்துகிறார் என்று வையுங்கள். பாதை மெல்லத் திறக்கும், பீட்டா பிளாக்கர் வேகமாக வெளியேறும். இப்போது அதே குறைந்த அளவு போதாது. பிபி ஏறலாம், பழைய நெஞ்சுவலி எட்டிப் பார்க்கலாம்.

ஃப்ளூஆக்ஸெடின் உடம்பை விட்டு முழுமையாக வெளியேறச் சுமார் 5 வாரம் ஆகும். பாராக்ஸெடின் சில நாளிலேயே போய்விடும். அதனால் மன அழுத்த மாத்திரையைத் தொடங்கும்போது மட்டுமல்ல, நிறுத்தும்போதும் இதய டாக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

வீட்டில் நாடித்துடிப்பு பார்ப்பது எப்படி?

ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். டீ, பீடி, சிகரெட் முடித்த கையோடு பார்க்க வேண்டாம்.

கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில், இன்னொரு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது.

செல்போனில் 60 விநாடி வைத்து முழுதாக எண்ணுங்கள்.

தேதி, நேரம், எண்ணிக்கை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டர் வீட்டில் கிடந்தால் அதையும் எடுக்கலாம். ஆக்சிஜன் அளவோடு நாடித்துடிப்பையும் அது காட்டும்.

புதிய மாத்திரை தொடங்குவதற்கு முன்பே மூன்று நாள் எண்ணி வைத்தால், உங்கள் வழக்கமான துடிப்பு என்ன என்று தெரிந்துவிடும். தொடங்கிய பிறகும், அளவைக் கூட்டிய பிறகும் இரண்டு மூன்று வாரம் தினமும் பாருங்கள்.

60-க்குக் கீழே போனாலே ஆபத்து என்று அர்த்தமில்லை. துடிப்பைக் குறைப்பதுதானே அந்த மாத்திரையின் வேலை. ஆனால் 50-க்குக் கீழே இறங்கினாலோ, வழக்கத்தைவிட நன்றாகக் குறைந்து கூடவே தலைசுற்றல், கடும் அசதி இருந்தாலோ, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

மயக்கம் போட்டு விழுந்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், பேச்சு குழறினால் காத்திருக்க வேண்டாம், 108-க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

தறியில் இருப்பவர்கள் குழியிலிருந்து சட்டென்று எழ வேண்டாம். காலை வெளியே எடுத்து, தறி மேடையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. சர்க்கரை திடீரெனக் குறையும்போது வரும் படபடப்பையும் கை நடுக்கத்தையும் பீட்டா பிளாக்கர் மறைத்துவிடலாம். ஆனால் வியர்வையை மறைக்காது. காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டினால் சர்க்கரையைப் பரிசோதியுங்கள்.

பீட்டா பிளாக்கரே மனச்சோர்வைத் தருமா?

இந்தச் சந்தேகம் பல ஆண்டுகளாக உண்டு. 53,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 285 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளியான அலசலில், பீட்டா பிளாக்கர் எடுத்தவர்களுக்கு மனச்சோர்வு கூடுதலாக வரவில்லை என்று தெரிந்தது. அசதியும், விநோதமான கனவு உள்ளிட்ட தூக்கக் கோளாறுகளும்தான் வரலாம். 'மனசு சரியில்லாததுக்கு பிபி மாத்திரைதான் காரணம்' என்று நினைத்து நிறுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

எந்த டாக்டர் புதிதாக எந்த மாத்திரை எழுதினாலும், வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், சொட்டு மருந்தையும் ஒரு பையில் போட்டு மேசையில் வையுங்கள். 'இதோட இதைச் சேர்த்துச் சாப்பிடலாமா, டாக்டர்?' என்று கேளுங்கள். சீட்டு வாங்கும் மருந்துக் கடையிலும் இதையே கேட்கலாம். சத்தமாகச் சொல்லக் கூச்சமாக இருந்தால், மருந்துப் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டுங்கள். வாசலுக்கு வெளியே இருப்பவருக்குத் தெரியத் தேவையில்லை, உள்ளே இருக்கும் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

உதவி எண்கள்

மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ்: 14416 (24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்)

தமிழ்நாடு அரசு மருத்துவ ஆலோசனை: 104

அவசர ஆம்புலன்ஸ்: 108

மருந்துப் பக்கவிளைவைத் தெரிவிக்க, மத்திய அரசின் இலவச எண்: 1800-180-3024

(இது பொதுவான தகவலுக்காக மட்டுமே. உங்கள் மாத்திரையின் அளவை மாற்றவோ நிறுத்தவோ டாக்டரின் ஆலோசனை அவசியம்.)